டிராம்போன் சுருதி மேலேயே நிற்கிறது, டியூனிங் ஸ்லைடும் அசைய மாட்டேன் என்கிறது

பாளை_பித்தளை:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையில் பேண்டு வாசிக்கிறோம். இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், கீபோர்டு, டிரம், அப்புறம் என் டிராம்போன். என் டிராம்போன் என்றாலும் அது சபையின் சொத்து. வெஸ்ட்ரியில் (ஆலயத்துப் பக்க அறையில்) பீரோவுக்குப் பின்னால் ரொம்ப வருஷம் கிடந்ததை எடுத்துத் துடைத்து வாசிக்கிறேன். மெல்லிய குழாய், சின்ன பெல் (விரிந்த வாய்), பழைய இங்கிலீஷ் மாடல். பெல்லில் இருந்த எழுத்து தேய்ந்துபோய் ‘லண்டன்’ என்ற வார்த்தை மட்டும்தான் படிக்க முடிகிறது.

பிரச்சினை இதுதான். கீபோர்டோடு சேர்ந்தால் நான் மட்டும் தனியாக மேலே நிற்கிறேன். போனில் டியூனர் ஆப் வைத்துப் பார்த்தேன். ஆப் 440-ல்தான் (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) இருக்கிறது. நடு சி-க்குக் கீழே வரும் பி ஃபிளாட், கையால் நகர்த்துகிற ஸ்லைடு முழுக்க உள்ளே இருக்கும்போது 45 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச் சுரம்) மேலே காட்டுகிறது. அதற்கு மேலே டி 30 சென்ட் சுமார். அதற்கும் மேலே எஃப் வாசித்தால் முள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆடுகிறது, பாதி எஃப் ஷார்ப். சாயங்காலம் பவனி போகும்போது இன்னும் மோசம்.

டியூனிங் ஸ்லைடை, அதாவது சுருதி சேர்ப்பதற்கென்று தனியாக இருக்கிற வளைவுக் குழாயை, இழுத்தால் இறங்கும் என்று தெரியும். அது ஒரு விரல் அகலம் வெளியே வந்த நிலையில் இறுகிக் கிடக்கிறது, அசையவே இல்லை. ஜங்ஷன் பக்கம் பாத்திரம் பற்றவைக்கிற ஒருவரிடம் காட்டினேன். “அந்த வளைவில் ஒரு இஞ்ச் வெட்டிவிட்டு ஒட்டித் தந்தால் சரியாகிவிடும், கேஸ் வைத்து ஊதினால் பத்து நிமிஷ வேலை” என்கிறார். கொடுத்துவிடலாமா? அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடுகிற திருவிழா) நெருங்குகிறது. கொயர் மாஸ்டர் ஒவ்வொரு பிராக்டிஸிலும் என்னை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களை வாசிக்கச் சொல்கிறார். நல்லாவும் இருக்கிறது, அதுதான் வருத்தம்.

*

டவுன்_பிராஸ்:

ப்ரோ, 90 சதவீதம் உதடுதான். இறுக்கிப் பிடித்து ஊதினால் எல்லாச் சுரமும் மேலே போகும். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தொண்டையைத் திறந்து வைங்க, கொட்டாவி விடுகிற மாதிரி. மவுத்பீஸை முகத்தில் அழுத்தாதீங்க. நான் பிளாஸ்டிக் டிராம்போன் வைத்திருக்கிறேன், முதலில் எனக்கும் மேலேதான் போனது, லாங் டோன் (ஒரே சுரத்தை நீளமாக இழுப்பது) வாசித்து வாசித்து இறங்கிவிட்டது.

*

விகேபுரம்_பழைய_பேண்டு:

தம்பி, முதலில் அந்தப் பாத்திரக்காரரிடம் இருந்து கருவியைத் திரும்ப வாங்குங்கள். வாங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

குழாய் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். உங்களுக்கு ஏற்கெனவே ஏறி நிற்கிறது. வளைவில் ஒரு இஞ்ச் வெட்டினால் இன்னும் பதினஞ்சு சென்ட் மேலே போய் உட்காரும், அப்புறம் அது டிராம்போன் ஆகாது. அதோடு கேஸ் வைத்து ஊதினால் பக்கத்தில் இருக்கிற ஈயப் பற்றெல்லாம் கழன்று தாங்குகம்பிகள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். அவர் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நல்ல வேலைக்காரராக இருப்பார், அதில் சந்தேகம் இல்லை. இது அந்த வேலை இல்லை.

நான் ராணுவ பேண்டில் டிராம்போன் வாசித்துவிட்டு ஓய்வில் வந்தவன். மத்தியப் பிரதேசத்து மலை ஊரான பச்மரியில் இசைப் பயிற்சி. அங்கே வாத்தியார் முதல் நாளே சொன்னது: சுருதி சேரவில்லை என்று யார் வந்தாலும், தப்பு குழாயிலா உதட்டிலா என்று முதலில் பிரித்துப் பார். அதைப் பிரிக்காமல் கொடுக்கிற வைத்தியம் எதுவும் வைத்தியம் இல்லை. மேலே எழுதிய தம்பி சொன்னது தப்பில்லை. புதிதாக வாசிப்பவர்களில் பாதிப் பேர் இறுக்கித்தான் ஊதுகிறார்கள். ஆனால் உதட்டை இறுக்குகிறவனுக்கு மேல் சுரங்கள் அதிகமாக ஏறும், கீழ்ச் சுரங்கள் அவ்வளவு ஏறாது, களைப்பு வர வர இன்னும் ஏறும். உங்கள் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பி ஃபிளாட் 45, டி 30. டி சுரம் டிராம்போனின் இயற்கையிலேயே 14 சென்ட் தாழ்ந்து வரும். 45-ல் 14 போனால் 31. அதாவது கருவி தன் இயல்புப்படி ஒழுங்காகத்தான் இருக்கிறது, மொத்தமாக ஒரு படி தூக்கி வைத்த மாதிரி. இது உதடு செய்கிற வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் வேறொரு பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் டியூனரைப் பிடியுங்கள். வாசிக்கிறவன் டியூனரைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் உதடு தானாகவே முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும், அளவு பொய்யாகிவிடும்.

இப்போது 45 சென்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஏ என்றால் 440 என்பது 1939-ல் லண்டனில் கூடிப் பேசி வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு சுருதி. இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் அதற்குப் பிறகும் மாறவில்லை, 1960-கள் வரைக்கும் 452.5 என்ற உயர் சுருதியிலேயே வாசித்தார்கள். சால்வேஷன் ஆர்மி பேண்டுகளும் அதே. அவர்களுக்காகச் செய்த கருவிகள் எல்லாம் அந்தச் சுருதிக்குத் தகுந்த குட்டைக் குழாய். 440-க்கும் 452.5-க்கும் இடையில் 48 சென்ட் இருக்கிறது, ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. உங்கள் கருவி லண்டன், மெல்லிய குழாய், டியூனிங் ஸ்லைடு கொஞ்சம் வெளியே நிற்கிறது, 45 காட்டுகிறது. அது அந்தக் காலத்து உயர் சுருதிக் கருவி என்றே நினைக்கிறேன். கருவி கெட்டுப்போகவில்லை, நம்ம கீபோர்டு பிறப்பதற்கு முன்னால் பிறந்தது, அவ்வளவுதான்.

சரி, கணக்கு. பி ஃபிளாட் டிராம்போனின் மொத்தக் குழாய் ஏறக்குறைய 2 மீட்டர் 75 சென்டிமீட்டர். டியூனிங் ஸ்லைடை 1 சென்டிமீட்டர் இழுத்தால் வளைவின் இரண்டு காலும் (இரண்டு பக்கக் குழாயும்) சேர்ந்து 2 சென்டிமீட்டர் நீளம் கூடும், 12 சென்ட் சுமார் இறங்கும். 45 இறங்க இப்போது நிற்கிற இடத்தில் இருந்து இன்னும் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக இழுக்க வேண்டும்.

இறுகிய ஸ்லைடை எடுக்கும் முறை. இரண்டு காலும் வெளிக்குழாய்க்குள் நுழைகிற விளிம்பில் டபிள்யூடி-40 விட்டு, எண்ணெய் உள்ளே இறங்குகிற மாதிரி சாய்த்து ஒரு ராத்திரி வையுங்கள். கையால் இழுக்கிற பெரிய ஸ்லைடு பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. மறுநாள் வெளிக்குழாயை மட்டும் வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றிச் சூடேற்றுங்கள். மரக்கரண்டிக் காம்பால் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். அப்புறம் ஒரு பருத்தித் துண்டை வளைவுக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் வெளிக்குழாய்களைப் பிடிக்க, நேராக வெடுக்கென்று இழுக்க வேண்டும். பெல்லைப் பிடித்து இழுக்கக்கூடாது. ஒரு கால் மட்டும் வந்து மறு கால் நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடியும் எண்ணெய். குறடு, சுத்தியல் இரண்டையும் வீட்டை விட்டே வெளியே வைத்துவிடுங்கள். வந்த பிறகு பச்சைக் களிம்பைத் துடைத்து வேஸ்லின் தடவிப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும்.

*

பாளை_பித்தளை:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கருவி என் கையில்தான் இருக்கிறது. சபையில் கார்னெட் கற்கிற பையனிடம் கொடுத்துப் பார்த்தேன். அவன் ஊதினாலும் பி ஃபிளாட் 40-க்கு மேலேதான். ஆக என் உதடு இல்லை என்று கொயர் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எண்ணெய் விட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், அது வராமலே போனால் பண்டிகைக்கு என்ன செய்வது? சாயங்காலம் ஏன் இன்னும் மேலே போகிறது என்பதும் புரியவில்லை.

*

ஜங்ஷன்_கீபோர்டு:

எதுக்கு இவ்வளவு கஷ்டம். கீபோர்டில் மாஸ்டர் டியூனிங் என்று ஒரு மெனு இருக்கும், அதை ஏற்றி 450 பக்கத்தில் வைத்தால் டிராம்போனோடு ஒட்டிவிடும். இரண்டு நிமிஷம்.

*

விகேபுரம்_பழைய_பேண்டு:

கீபோர்டு தம்பி, டிராம்போனும் கீபோர்டும் மட்டும் என்றால் உங்கள் யோசனை அருமை. இவர்கள் பேண்டில் கிளாரினெட் இருக்கிறது, டிரம்பெட் இருக்கிறது. கிளாரினெட்டை இறக்கலாம், 45 சென்ட் ஏற்றுவதற்கு வழியே கிடையாது. மவுத்பீஸுக்குக் கீழே இருக்கிற குட்டைத் துண்டான பேரலைக் கழற்றிவிட்டு ஊத முடியுமா? ஒருவன் மேலே நின்றால் ஐந்து பேர் ஏறுவதைவிட அந்த ஒருவன் இறங்குவது சுலபம். அதோடு சபையார் பாட்டு. அவர்களுக்கு மெனு இல்லை.

பாளைத் தம்பிக்கு: ஸ்லைடு வராவிட்டாலும் பண்டிகையை ஓட்டலாம். டிராம்போன்காரனுக்குக் கடவுள் கொடுத்த வசதி, கையிலேயே டியூனிங் இருக்கிறது. உங்கள் முதல் பொசிஷனை (கை ஸ்லைடு நிற்கிற ஏழு இடங்களில் முதலாவதை) 4 சென்டிமீட்டர் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பொசிஷனும் அதே அளவு, கீழே போகப் போக ஒரு நூல் கூடுதலாக, வெளியே தள்ளிப் போகும். கை பழகுவதற்குக் கொஞ்சம் தொந்தரவு. ஏழாவது பொசிஷன் கைவிட்டுப் போகும், ஸ்லைடு கழன்று முன்னால் நிற்கிற டிரம்காரர் முதுகில் குத்தும். அதனால் கீழே ஈ சுரம் வருகிற இடத்தில் மேல் ஸ்தாயி ஈ வாசியுங்கள், யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஏறுவதற்குக் காரணம் இரண்டு இருக்கும். குழாய்க்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், மொத்தக் காற்றும் 1 டிகிரி சூடேறினால் 3 சென்ட் கணக்கு. வாசிக்கும்போது மூச்சுச் சூட்டில் பாதி ஏற்கெனவே சூடாகி இருக்கும் என்பதால் வெயில் ஏறுகிற அளவுக்கு முழுசாக ஏறாது, ஆனாலும் கத்திரி வெயிலில் குழாய் கொதிக்கக் கொதிக்க நடந்தால் பத்து சென்ட் போய்விடும். பச்மரியில் ஜனவரி காலையில் அணிவகுப்புக்கு நின்றால் இதே கருவி கீழே போய் நிற்கும், டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளித்தான் வாசிப்போம். திருநெல்வேலியில் அந்தக் கவலை ஆயுசுக்கும் வராது. பவனி புறப்படும் வரை கருவியை வேன் கூரையில் வைக்காமல் நிழலில் வையுங்கள், ஐந்து நிமிஷம் ஊதிவிட்டு அப்புறம் டியூனர் பாருங்கள். இரண்டாவது காரணம் களைப்பு. மூன்று தெரு சுற்றி வந்தால் உதடு செத்துவிடும், செத்த உதட்டை இறுக்கித்தான் சத்தம் வரவைக்க முடியும். அங்கே டவுன் தம்பி சொன்னது சரி. அதற்கு மருந்து, எல்லாப் பாட்டிலும் எல்லா வரியும் வாசிக்காமல் இருப்பது. நடுநடுவே கருவியை இறக்கி நடங்கள். சும்மா நடக்கிறானே என்று யாரும் கேட்க மாட்டார்கள், டிரம் சத்தம் மூடிவிடும்.

*

கல்லிடை_நாயனம்:

பேண்டுக்காரர்கள் பேச்சில் நாயனக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். காருகுறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரன், சுருதி என்ற சொல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

டியூனர் ஆப்பைப் பார்த்து வாசிப்பது கண்ணுக்குப் பயிற்சி, காதுக்கு இல்லை என்பது என் எண்ணம். எங்களிடம் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை, அது செருகியிருக்கிற கெண்டையில் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் சுருதி நகரும், ஆனால் அது தொடங்கும்போது செய்கிற வேலை. வாசிப்பு ஆரம்பித்த பிறகு ஒத்துக்காரர் பக்கத்தில் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார், அதில் போய்ப் படிவது உதடும் மூச்சும்தான். நீங்கள் சொல்லும் பி ஃபிளாட் எங்கள் கணக்கில் ஆறரைக் கட்டை. போனில் தம்புரா ஆப்பில் ஆறரை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சட்ஜத்தை மெதுவாக இழுத்து வாசியுங்கள். இரண்டும் சேராமல் இருந்தால் உள்ளே ஓர் அலை அடிக்கும், வவ்வவ்வவ் என்று. ஸ்லைடை நகர்த்த நகர்த்த அலை நீளும், அப்புறம் நின்றுபோகும். நின்ற இடம் சுருதி. அடுத்து பஞ்சமம், அதற்கடுத்து மேல் சட்ஜம். இந்த மூன்றும் காதில் ஏறிவிட்டால் வெயிலோ மழையோ, கருவி எங்கே நின்றாலும் கை தானாகப் போய்ச் சேரும். பிடிப்பதற்குத் துளையே இல்லாத உங்கள் கருவிக்கு எங்களைவிட அதிகமாக இது வேண்டும்.

ஆப் ஸ்பீக்கர் சின்னதாக இருந்தால் அலை சரியாகக் கேட்காது. பழைய சுருதிப்பெட்டி இருந்தால் அதுதான் உசத்தி.

*

பாளை_பித்தளை:

வந்துவிட்டது! துண்டு போட்டு இழுத்ததில் நானும் கார்னெட் பையனும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம், கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்து பச்சை பச்சையாக ஏதோ வந்தது, சொல்ல வேண்டாம்.

அண்ணாச்சி கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வெளியே வைத்தால் பி ஃபிளாட் நடுவில் நிற்கிறது. ஆனால் ஸ்லைடு கால் மொத்தமே ஏழு சென்டிமீட்டர்தான். உள்ளே இரண்டுகூட இல்லை, வளைவு லொடலொட என்று ஆடுகிறது. நடக்கும்போது கழன்று விழுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, பி ஃபிளாட் சரியானதும் டி இப்போது கீழே போய்விட்டது. எஃப் இன்னும் மேலே. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓடுகிறது.

தம்புரா வைத்துப் பார்த்தேன் கல்லிடை அண்ணன். அலை கேட்கிறது. வீட்டில் எல்லாருக்கும்கூடக் கேட்கிறது.

*

விகேபுரம்_பழைய_பேண்டு:

நல்லது தம்பி. உங்கள் இரண்டு தொல்லைக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது.

முதல் பொசிஷன் என்றால் ஸ்லைடைச் சுவரில் இடிக்கிற வரை உள்ளே தள்ளுவது என்று பலரும் நினைக்கிறார்கள். பி ஃபிளாட்டை அங்கே, இடிக்கிற இடத்தில், சரி செய்துவிட்டால் டி சுரத்துக்கு ஏறுவதற்கு இடமே இல்லை. அது இயற்கையாக 14 சென்ட் கீழே, நீங்களோ இதற்கு மேல் உள்ளே போக முடியாமல் நிற்கிறீர்கள். அதனால் டியூனிங் ஸ்லைடை 5-ல் வைக்காமல் 4 சென்டிமீட்டரில் வையுங்கள். இப்போது முழுக்க உள்ளே தள்ளினால் பி ஃபிளாட் 12, 13 சென்ட் மேலே இருக்கும், அதைக் கையால் 1 சென்டிமீட்டர் வெளியே எடுத்து வாசியுங்கள். டி வரும்போது முழுக்க உள்ளே. எஃப் வரும்போது இரண்டு சென்டிமீட்டர் பக்கம் வெளியே, அது கருவிக்குக் கருவி மாறும், தம்புராவில் அலை நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டியூனிங் ஸ்லைடின் காலும் 3 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும், ஆடாது. கொஞ்சம் கெட்டியான கிரீஸ் போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு நிதானமாகப் பேட்டைப் பக்கம் நல்ல லேத்காரர் யாரிடமாவது அதே பருமனில் பித்தளைக் குழாய் வாங்கி நீளமான கால் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வளைவைக் கொடுங்கள், முழுக் கருவியையும் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கீபோர்டோடு வாசிக்கும்போதுதான் டி-யை ஏற்ற வேண்டும். கீபோர்டு ஒரு சரணத்தில் நின்று, கொயர் நாலு குரலில் தனியாகப் பாடி, நீங்கள் பி ஃபிளாட் கார்டில் (சுரக்கூட்டில்) டி பிடிக்க வேண்டி வந்தால் ஏற்றாதீர்கள். பி ஃபிளாட் வாசித்த இடத்திலேயே கையை விட்டுவிடுங்கள். அந்த 14 சென்ட் தாழ்வுதான் அங்கே சரியான இடம், குரல்களோடு வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். இதை டியூனர் தப்பு என்று காட்டும். காட்டட்டும்.

எஃப்புக்கு மேலே ஜி இரண்டாவது பொசிஷனில் வாசிக்கிறீர்களா? அது ஏழாவது ஹார்மோனிக் (ஒரே குழாய் நீளத்தில் வருகிற இயற்கைச் சுரங்களில் ஏழாவது), 31 சென்ட் தாழ்ந்து வரும். இரண்டாவது பொசிஷனில் இருந்து இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே வந்து வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது பொசிஷனில் வாசித்துவிடுங்கள், அங்கே சுத்தமாக இருக்கும். ஏ ஃபிளாட் முதல் பொசிஷனில் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே தாழ்வு, உள்ளே போகவும் இடம் கிடையாது. மூன்றாவதில்தான் வாசிக்க வேண்டும்.

கை ஸ்லைடுக்கு என்ன போடுகிறீர்கள்? ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் கணக்கெல்லாம் நடக்காது, கை நினைத்த இடத்தில் நிற்காது. நாங்கள் பாண்ட்ஸ் கோல்டு கிரீம்தான் போடுவோம். உள்குழாயின் நுனியில் கொஞ்சம் பருத்துத் தெரிகிற இடத்தில் மட்டும், துடைத்தால் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவு. மேலே தண்ணீர் ஸ்பிரே. முடி வெட்டுகிற கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பாட்டில்.

*

பாளை_பித்தளை:

மூன்று-இன்-ஒன் எண்ணெய் போட்டிருக்கிறேன் அண்ணாச்சி, தையல் மிஷினுக்கு வாங்கியது. துடைத்துவிட்டு கிரீம் போடுகிறேன். வெள்ளிக்கிழமை பிராக்டிஸ். டி உள்ளே, பி ஃபிளாட் ஒரு சென்டிமீட்டர், எஃப் இரண்டு என்று ஸ்டாண்டில் எழுதி ஒட்டிக்கொள்கிறேன்.

*

விகேபுரம்_பழைய_பேண்டு:

எண்ணெயைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாகப் போதும், கொதிக்க வைத்து ஊற்றாதீர்கள். உள்குழாயைத் தனியாக, வெளிக்குழாயைத் தனியாகக் கழுவுங்கள். இரண்டையும் வைக்கும்போது தரையில் சாய்க்காமல் கட்டில் மேல் படுக்க வையுங்கள், வளைந்தால் அதை நிமிர்த்த இந்தப் பக்கத்தில் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.